புள்ளிவிபரத்தில் இரண்டு புள்ளி

புத்தகம் அச்சாகி வந்தால் முதலில் முகர்ந்து பார்ப்பேன், பிறகுதான் திறப்பேன். 2023 நவம்பரில் வந்த அந்தச் சிறுநூலையும் அப்படித்தான் திறந்தேன். அறுபத்துநான்கு பக்கம். தெற்காசிய நாடுகளின் சுகாதாரம், வறுமை, சுற்றாடல் பற்றி உலக நிறுவனங்கள் திரட்டி வைத்திருக்கும் தரவுகளைப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கும் எளிய தமிழில் கொடுப்பதற்காக ஒரு தொண்டு நிறுவனம் போட்டது. மொழிபெயர்ப்பு நான். வெள்ளவத்தையில், கடல் காற்றில் யன்னல் கம்பி துருப்பிடிக்கிற ஒரு மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு பதினைந்து வருஷமாக இதைத்தான் செய்கிறேன். 23ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று நாடு நாடாக, ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை. ஆப்கானிஸ்தான் வரிசையில் 1990க்கு நேரே 0.0 என்று இருந்தது.

அதாவது, சண்டைக்கு நடுவில் கிடந்த ஆப்கானிஸ்தானில் 1990ஆம் ஆண்டு ஊட்டம் போதாமல் குன்றிப்போன பிள்ளை ஒன்றுகூட இல்லை. எங்கள் புத்தகம் சொல்கிறது. கண்ணைக் கீழே ஓட்டினேன். மொத்தம் பதினொரு கட்டங்களில் 0.0. நான் அனுப்பிய கோப்பில் அந்தப் பதினொன்றிலும் இருந்தது இரண்டு புள்ளி, அருகருகே. கொட்டாஞ்சேனை அச்சகத்தில் பக்கம் அமைக்கிற தம்பிக்கு அப்போதே கோல் எடுத்தேன்.

"தம்பி, இருவத்திமூண்டாம் பக்கத்தில இந்த சைபர் எல்லாம் எங்கயிருந்து வந்தது?"

"அதா அக்கா? அந்தக் கட்டத்துல எல்லாம் ரெண்டு ரெண்டு புள்ளி கெடந்திச்சு. ஒரிஜினல்ல ஏதோ அழிஞ்சு போயிருக்குன்னு நெனச்சேன். சும்மா விட்டா அசிங்கமா இருக்குமேன்னு சைபர் போட்டுட்டேன்."

"புரூவ் பாக்கேக்க புள்ளிதானே இருந்தது?"

"அது கடைசி நாள் செஞ்சது அக்கா. வரிசை நேரா நிக்கட்டும்னு."

வரிசை நேராகத்தான் நின்றது. அதை மறுக்க முடியாது. உலக வங்கியின் அட்டவணைகளை இறக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு புள்ளியைத் தெரிந்திருக்கும். தரவு கிடைக்கவில்லை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அடையாளம் அது. ஆய்வு நடந்த ஆண்டுக்கு எண், நடக்காத ஆண்டுக்கு இரண்டு புள்ளி. புள்ளிவிபரம் என்ற சொல்லிலேயே புள்ளி இருக்கிறது. அதையே அழித்துவிட்டாயே தம்பி என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் கோபமாக இருந்தேன். பிறகு பிளேன்டீ ஒன்று ஊற்றிக் குடித்துவிட்டு யோசித்தபோது கோபம் வேறு பக்கம் திரும்பத் தொடங்கியது. வெறும் கட்டத்தைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. யாருக்குத்தான் பிடிக்கும்?

எண்ணாத ஆண்டுகள்

அதே அட்டவணையில் இலங்கை வரிசையும் இருந்தது. அதிலும் சில கட்டங்கள் சைபராகியிருந்தன. ஆனால் என்னை இழுத்துப் பிடித்தது எண் இருந்த கட்டங்கள். இங்கே குடித்தொகை, சுகாதார அளவீடு என்று 1987, 1993, 2000, 2006–07 ஆகிய ஆண்டுகளில் பெரிய ஆய்வுகள் நடந்தன. நான்கிலும் வட மாகாணம் இல்லை. யுத்தம். நாடு முழுவதையும் சேர்த்த முதல் ஆய்வு 2016இல்தான் வந்தது. ஆகவே என் சிறு வயதுக்கு நேரே ‘இலங்கை’ என்ற தலைப்பின் கீழ் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்திருக்கிற எண்ணில் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் வளர்ந்த நான் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் இல்லை. மூல அறிக்கைகள் இதை அடிக்குறிப்பில் நேர்மையாகச் சொல்லித்தான் இருக்கின்றன. ஆனால் அறிக்கையிலிருந்து அட்டவணைக்கு, அட்டவணையிலிருந்து வரைபடத்துக்கு, வரைபடத்திலிருந்து எங்களைப் போன்றவர்களின் எளிய தமிழுக்கு என்று எண் ஊர் ஊராகப் போகும்போது முதலில் வழியில் விழுகிறது அடிக்குறிப்புத்தான்.

குடிசன மதிப்பும் அப்படியே. 1981 மார்ச் 17இல் நாடு முழுவதும் எண்ணினார்கள். நான் பிறந்தது 82. பத்து ஆண்டுக்கு ஒரு தடவை என்ற கணக்கில் 1991இல் எண்ணியிருக்க வேண்டும், எண்ணவில்லை. 2001 ஜூலை 17இல் எண்ணினார்கள், ஆனால் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுதாக. வடக்கும் கிழக்கில் பெரும்பகுதியும் மறுபடி எண்ணப்பட்டது 2012இல். இடையில் முப்பத்தொரு ஆண்டு. இப்போது உலக வங்கியின் தளத்தில் இலங்கையின் மக்கள்தொகையை எடுத்துப் பாருங்கள்: 1960 தொடக்கம் ஒரு வருஷம் தப்பாமல் எண் இருக்கிறது. 1991க்கும் இருக்கிறது. எங்கும் இரண்டு புள்ளி இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுகளையும் முந்திய பிந்திய கணக்கெடுப்புகளையும் வைத்து மதிப்பிட்டு நிரப்பியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை, இது தெரிந்தவர்கள் செய்கிற முறையான வேலை. நாங்கள் அதைப் பார்க்கிறபோது யாரோ வீடு வீடாகப் போய் எண்ணினதுபோலப் பார்க்கிறோம், அங்கேதான் சிக்கல்.

யாழ்ப்பாண மாவட்டத்தை மட்டும் எடுத்து எக்செலில் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். 1981இல் 7 லட்சத்து 38 ஆயிரம். 2012இல் 5 லட்சத்து 83 ஆயிரம். நடுவில் ஒன்றும் இல்லை. வரைபடத்தில் இரண்டு குற்று மட்டும் தனித்தனியாக நின்றன. எக்செலில் ஒரு தெரிவு இருக்கிறது, வெறுங்கட்டங்களைத் தாண்டிக் குற்றுகளைக் கோட்டால் இணைக்கச் சொல்லலாம். அதை அழுத்தினேன். மேலேயிருந்து கீழே வழுவழுவென்று ஒரு சரிவு வந்தது, பண்ணைக் கடலில் வள்ளம் போகிற மாதிரி. 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்துக்குத் தப்பி வலிகாமம் முழுக்க ஒரே தெருவில் தென்மராட்சிக்கு நடந்ததே, மழையில், சைக்கிளில் அம்மம்மாவை இருத்தி அப்பா உருட்டிக்கொண்டு, நாவற்குழிப் பாலம் கடக்க மட்டும் எத்தனையோ மணித்தியாலம் எடுத்ததே, அதெல்லாம் அந்தச் சரிவுக்குள் எங்கோ ஓரிடத்தில் இருக்க வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "நல்லாச் சீராத்தான் போயிருக்கிறம்" என்றா.

சரி, எங்களை ஒருவருமே எண்ணவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். 98இல் கொழும்புக்கு வந்தோம். வந்த கிழமையே பொலிஸ் பதிவு. வீட்டில் யார் யார், எந்த ஊர், எதற்காக வந்தது, எப்போது போவது, அடையாள அட்டை இலக்கம். அந்தத் துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருந்தார் அப்பா. இரவு பதினொரு மணிக்குத் தட்டினாலும் கை நேரே ஆணிக்குப் போகும். 2001 ஜூலையில் ஒரு பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. திறந்தால் கையில் பெரிய தாள்களுடன் ஓர் இளம் ரீச்சர். குடிசன மதிப்புக்கு வந்தவ. அப்பா என்ன ஏது என்று கேட்கவில்லை, ஆணியிலிருந்து பொலிஸ் துண்டை எடுத்து நீட்டினார். ரீச்சர் ஒரு கணம் தடுமாறிப் போனா. பிறகு, பெயர்களுக்கு எழுத்துப் பிழை வராதே என்று நினைத்தாவோ என்னவோ, அதைப் பார்த்தே எங்கள் பெயர்களைத் தன் தாளில் இறக்கிக்கொண்டா. பத்தொன்பது வயதில் நான் முதல் தடவையாக நாட்டின் குடிசனக் கணக்குக்குள் போனது அப்படித்தான், பொலிஸ் துண்டிலிருந்து பார்த்தெழுதப்பட்டு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பூமியின் இரவு வெளிச்சத்தை அளக்கும் அமெரிக்கச் செய்மதிகளின் தரவு 1992இலிருந்து எண்ணாகக் கிடைக்கிறது. எந்தப் பிரதேசத்தில் பொருளாதாரம் வளர்கிறது, எங்கே சுருங்குகிறது என்பதை அரசாங்கத்தின் கணக்கை எதிர்பாராமல் மேலேயிருந்தே கணிக்க ஆராய்ச்சியாளர்கள் அதைப் பாவிக்கிறார்கள். செய்மதிக்குச் சோதனைச்சாவடி இல்லை, பாஸ் எடுக்கத் தேவையில்லை. நல்ல யோசனைதான். ஆனால் 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. நாங்கள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சில் ஊறிய மண்ணெண்ணெய், நடுவில் ஒரு திரி. கவிழ்ந்தாலும் எண்ணெய் ஊற்றுப்படாது, ஒரு மூடி எண்ணெயில் ஓர் இரவு ஓடும். அண்ணாவும் நானும் நடுவில் போத்தலை வைத்து எதிரும் புதிருமாக இருந்து படிப்போம். தலை குனிந்தால் முன்மயிர் கருகும். எண்ணூறு கிலோமீற்றர் உயரத்தில் போன செய்மதிக்கு அந்த வீடு சைபர். அது கருவியின் பிழை இல்லை, அந்தக் கருவிக்குப் போத்தல் விளக்கு எட்டாது, அவ்வளவுதான். சைபர் வெளிச்சம் என்றால் அங்கே ஒருவரும் விழித்திருக்கவில்லை என்று யாராவது வாசித்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

உழைத்துப் பெற்ற சைபர்

இவ்வளவும் எழுதிவிட்டு, சைபர் என்றாலே சுத்துமாத்து என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே புத்தகத்தின் 31ஆம் பக்கத்தில் இன்னொரு அட்டவணை இருந்தது, மலேரியா. அதில் இலங்கைக்கு நேரே 2013 தொடக்கம் உள்ளூரில் தொற்றியவர்கள் 0, 0, 0. அந்தச் சைபர்களை நாங்கள் கும்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

1963இல் இந்த நாட்டில் முழு ஆண்டுக்கும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். பதினேழே பேர். இனி என்ன, முடிந்துவிட்டது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், தேடிப் பார்ப்பதிலும் கை தளர்ந்தது. 1969இல் ஐந்து லட்சத்துக்கு மேல். அப்பா எழுபதுகளில் வவுனியாவில் எழுதுவினைஞராக இருந்தவர். நடுங்கிக்கொண்டு படுத்த கதைகள் நிறைய வைத்திருந்தார். காய்ச்சல் என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மருந்துக்கு முன்னம் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தத்தைத் தடவி எடுத்துவிடுவார்களாம். மருந்தடிக்க வருகிறவர்களை ‘மலேரியாக்காரர்’ என்றுதான் ஊரில் சொல்வது. வந்தால் சட்டி பானை, பாய் தலையணை எல்லாம் முற்றத்துக்கு வரும், சுவர் வெள்ளையாகும், அன்றைக்கு வீட்டுக்குள் சமையல் இல்லை. அப்படி விரல் விரலாகக் குத்தி, வீடு வீடாக அடித்து, யுத்தம் நடந்த இடங்களுக்குள்ளும் விடாமல் போய், 2012 ஒக்டோபரோடு உள்ளூர்த் தொற்று நின்றது. மூன்று வருஷம் தொடர்ந்து ஒன்றும் இல்லை என்று காட்டினால்தான் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தரும். தந்தது 2016 செப்டெம்பர் 5இல். அந்த மூன்று வருஷமும் இரத்தம் பார்ப்பதை நிறுத்தியிருந்தாலும் சைபர்தான் வந்திருக்கும், ஒருவரையும் பார்க்காவிட்டால் ஒருவருக்கும் நோய் இருக்காது. அந்தச் சைபருக்கு விலை இல்லை. பார்த்துப் பார்த்து, தேடித் தேடி, கிடைக்காமல் வந்த சைபருக்குத்தான் விலை.

23ஆம் பக்கத்துச் சைபரும் 31ஆம் பக்கத்துச் சைபரும் ஒரே எழுத்துருவில் ஒரே அளவில் இருந்தன. இதைத்தான் நான் அந்தத் தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் மூன்று இரவு

மறுபடி அச்சடிக்கக் காசில்லை என்றார்கள். தாள் விற்கிற விலையில் அது நியாயம்தான். ஐந்நூறு பிரதி, பிரதிக்குப் பதினொரு கட்டம். சிவப்புப் பேனை பத்து வாங்கினேன். அம்மா, பெரியம்மா, நான், மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தோம். ஒவ்வொரு 0.0வையும் ஒரு கோட்டால் வெட்டி, மேலே இரண்டு புள்ளி. முதல் இரவு முறுக்கு, கதை எல்லாம் நடந்தது. இரண்டாம் இரவு கைநோவு. பெரியம்மாவுக்கு அப்போது எண்பத்தொன்று. கண் ஒப்பரேசன் செய்து ஒரு வருஷம், எங்களைவிட வடிவாகப் புள்ளி வைத்தா. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவ. வேலை செய்தால் என்ன வேலை என்று தெரிய வேணும் அவவுக்கு.

"இது ஆர் பிள்ளை?"

"ஆப்கானிஸ்தான், பெரியம்மா."

"இது?"

"அதுவும் ஆப்கானிஸ்தான்தான், அடுத்த அஞ்சு வருஷம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. நாலைந்து பிரதி முடித்திருப்பா. பிறகு பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டா: "எண்ணேல்லையோ, இல்லாட்டி எண்ணிப்போட்டுச் சொல்லேல்லையோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதினைந்து வருஷமாக அந்த இரண்டு புள்ளியைத் ‘தரவு இல்லை’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒருநாளும் இதை யோசிக்கவில்லை. ஆள் இல்லாமல் எண்ணாமல் விட்டதும், காசில்லாமல் விட்டதும், போக விடாததால் விட்டதும், எண்ணி எடுத்துப் பூட்டி வைத்ததும் எல்லாம் அதே இரண்டு புள்ளி. ‘தரவு இல்லை’ என்ற சொல்லில் செய்தவர் யாரும் இல்லை, மழை இல்லை என்பதுபோல. பெரியம்மாவின் மூத்த பிள்ளை, யுத்தம் முடிந்த 2009 மேக்குப் பிறகு இல்லை. இப்படி ‘இல்லை’ என்று நான் எழுதுவது தெரிந்தால் அவ பேசமாட்டா. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னபோது மாட்டேன் என்றவ. 2016இல் சட்டம் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் பதிகிற சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதையும் இன்னும் எடுக்கவில்லை. "எண்ணேல்லை எண்டே வைப்பம்" என்று நான் சொன்னதற்கு ஒன்றும் சொல்லாமல் பேனையைத் திறந்து அடுத்த பிரதியை இழுத்துக்கொண்டா.

அன்றிரவு அவர்கள் படுத்த பிறகு புத்தகத்தை முதலிலிருந்து வாசித்தேன், என் தமிழை. 40ஆம் பக்கத்தில் நின்றுவிட்டேன். ‘2021க்கும் 2022க்கும் இடையில் இலங்கையில் வறுமை 13.1 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக இரட்டித்தது’ என்று எழுதியிருந்தேன். உலக வங்கி எழுதியது அப்படி அல்ல. நாளொன்றுக்கு 3.65 டொலர் என்ற கோட்டை வைத்துப் பார்த்தால் வறுமை இரட்டித்திருக்கும் என மதிப்பிடப்படுகிறது என்றுதான் எழுதியிருந்தது. வீடு வீடாகப் போய் வரவு செலவு கேட்கிற கணக்கெடுப்பு அதற்கு முன்னம் கடைசியாக நடந்தது 2019இல். 2022இல் யாரும் போய்க் கேட்கவில்லை. அந்த வருஷம் கேட்கப் போகிறவருக்கே பெற்றோல் இல்லை. 2019இன் வீடுகளை எடுத்து, அதற்குப் பிறகு விலைக்கும் வேலைக்கும் என்ன நடந்தது என்பதைச் சேர்த்து ஓட்டிப் பார்த்த கணக்கு அது. இருந்ததில் நல்ல கணக்கு. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் சாப்பாட்டுச் சாமான் ஒரு வருஷத்துக்குள் 94.9 சதவீதம் ஏறியிருந்தது, ஆகவே இரட்டிப்பு என்றால் நம்பாமல் இருக்க எங்களில் ஒருவருக்கும் காரணமில்லை. ஆனாலும் அது எண்ணியது இல்லை, மதிப்பிட்டது. அதைச் சொல்லிய வினைச்சொல்லை வெட்டியது நான்.

ஏன் வெட்டினேன் என்றும் ஞாபகம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் ஏழு வசனம் ‘மதிப்பிடப்படுகிறது’ என்று முடிந்தால் யார் வாசிப்பார்கள்? வசனம் நேராக நிற்கட்டும் என்று வெட்டினேன். தம்பி சொன்ன அதே காரணம். அவன் போட்ட சைபரைச் சிவப்புப் பேனையால் வெட்டலாம். என்னுடையதை வெட்ட இடமில்லை, முழு வசனமும் சரளமாக ஓடிவிட்டது. முன்னுரையிலிருந்து எண்ணிப் பார்த்தேன். இப்படி நான் நிச்சயமாக்கிவிட்ட இடங்கள் பத்தொன்பது. அவன் பதினொன்று.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று இருக்கிறது. இந்த வேலைக்குத் தமிழில் ஒரு சின்னச் சாமான் சும்மா கிடக்கிறது. நாங்கள் நேரில் பார்க்காததைச் சொல்லும்போது ஓர் ‘ஆம்’ போடுகிறோமே. மழை வருமாம். அவர் வெளிநாடு போயிட்டாராம். மீன் விலை குறைஞ்சிட்டுதாம், என்று சந்தையிலிருந்து வெறும் பையோடு வருகிற பக்கத்து வீட்டு மாமி சொல்லும்போது அந்த இரண்டு எழுத்துக்குள் எவ்வளவு இருக்கிறது! நான் சொல்கிறேன், ஆனால் நான் கண்டதில்லை, பொறுப்பு சொன்னவருக்கு. ‘மதிப்பிடப்படுகிறது’ என்று பதினொரு எழுத்தில் இழுப்பதை ‘இரட்டித்ததாம்’ என்று முடித்திருக்கலாம். அறிக்கைத் தமிழில் அதற்கு அனுமதியில்லை. ஒருதடவை துணிந்து போட்டுப் பார்த்தேன். வேறோர் அலுவலகத்து ஆசிரியர், நல்ல மனிதர், ‘அக்கா, இது வதந்திபோல இருக்கிறது’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். வதந்திக்கும் மதிப்பீட்டுக்கும் நடுவில் எங்களிடம் இருப்பது ‘படுகிறது’ ஒன்றுதான். அதையும் நான் வெட்டினேன்.

இரண்டாம் பதிப்பு

இந்த வருஷம் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வருகிறது. எண்களைப் புதுப்பிக்கிற வேலையும் என் தலையில். முதல் வேலை மக்கள்தொகை. பல வருஷமாக 2 கோடி 20 லட்சம் என்று எழுதி வந்தோம். 2024 டிசம்பரில் எண்ணிப் பார்த்தால் 2 கோடி 17 லட்சம்தான். காணாமல்போன அந்த லட்சங்களில் சிலர் கனடாவில், ஸ்காபரோவில் அண்ணா வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பார்கள், மற்றவர்கள் எங்கள் மதிப்பீட்டுக்குள் மட்டும் இருந்தவர்கள். ஆட்கள் குறைந்ததால் தலைக்கு வருமானம் ஒருவரும் ஒரு சதம் கூடுதலாக உழைக்காமலே கூடும், அதையும் யாராவது சாதனை என்று சொல்லலாம். 2019 ஜூலையில் எங்களை மேல்நடுத்தர வருமான நாடு என்று உலக வங்கி ஏற்றிவிட்டது. வாசல்படி 3,996 டொலர், எங்கள் தலைக்கு 4,060. அடுத்த வருஷம் வாசல்படி 4,046க்கு உயர்ந்தது, நாங்கள் 4,020. இருபத்தாறு டொலரால் இறங்கினோம். ஏறினபோது பேப்பரில் வந்த அளவுக்கு இறங்கினபோது வரவில்லை.

சுற்றாடல் அத்தியாயத்தில்தான் கை தடுமாறியது. 2022 டிசம்பரில் ஒருநாள் காற்று கெட்டுப்போய்ப் பாடசாலைகளுக்கு லீவு விட்டார்களே, அன்றைக்கு அம்மாவுக்கு இழுப்பு. கையில் போனை வைத்துக்கொண்டு ஒரு செயலியில் பிஎம் 2.5, அதாவது காற்றிலுள்ள நுண்துகள் அளவு, பார்த்தபடி இருந்தேன். கொழும்புக்கு எண் காட்டியது, சண்டிலிப்பாய்க்கும் காட்டியது. சண்டிலிப்பாயில் கருவி ஏது? வேறெங்கோ இருக்கும் கருவிகளையும் செய்மதியையும் வைத்துக் கணக்குப் போட்டு நிரப்பிய எண். நாடு முழுக்க இடைவெளியில்லாமல் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூசியிருந்தது. கருவி இருந்த இடங்களில் ஒன்று கொழும்பில் அமெரிக்கத் தூதரகம். 2025 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் உலகம் முழுக்கத் தன் தூதரகங்களில் எடுத்த காற்று அளவுகளைப் பகிர்வதை நிறுத்திவிட்டது. காசில்லை என்றார்கள். அதற்கு முந்திய மாதம், 1984 தொடக்கம் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடுகளில் தாய்மாரையும் பிள்ளைகளையும் பற்றிக் கேட்டு வந்த பெரிய ஆய்வுத் திட்டத்துக்கும் அமெரிக்க உதவி நின்றது. 23ஆம் பக்கத்து அட்டவணையில் பல நாடுகளின் எண்கள் அங்கிருந்துதான் வந்தவை. அடுத்த பதிப்புகளில் புள்ளிகள் பெருகும். படத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும் குறையாது.

இந்தத் தடவை ‘தரவு இல்லை’ என்பதை விட்டுவிட்டேன். பெரியம்மா கேட்ட கேள்வியை அப்படியே இரண்டாகப் பிரித்து, தெரிந்த இடங்களில் ‘எண்ணவில்லை’ என்றும், எண்ணியும் வெளியிடாத இடங்களில் ‘வெளியிடவில்லை’ என்றும், எது என்று தெரியாத இடங்களில் இரண்டு புள்ளியும் போட்டேன். பத்தொன்பது வசனங்களிலும் வினைச்சொல்லைத் திருப்பி வைத்தேன். வாசிக்கப் பாரமாகத்தான் இருக்கிறது. கோப்பை அனுப்பும்போது கொட்டாஞ்சேனைத் தம்பிக்குத் தனியாகக் குரல் பதிவு ஒன்றும் போட்டேன்: புள்ளியில் கை வைக்காதே, சைபர் ஆக்காதே, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் விடு. அவனுக்குப் போன தடவை நடந்தது மனதில் உறுத்தியிருக்கும் போல, ரொம்பக் கவனமாகச் செய்திருந்தான். போன கிழமை வாட்ஸ்அப்பில் புரூவ் வந்தது. 23ஆம் பக்கத்தில் புள்ளிகள் எல்லாம் பளிச்சென்று, கறுப்பாக, ஒன்றும் தவறாமல்.

"முழுப் புத்தகமும் பாத்துட்டேன் அக்கா. இப்ப எங்கயுமே சைபர் இல்ல."

31ஆம் பக்கத்தைத் திறந்தேன். மலேரியா அட்டவணை. இலங்கைக்கு நேரே, 2013 தொடக்கம் கடைசிவரை, கட்டத்துக்குக் கட்டம் இரண்டு புள்ளி.

கோல் எடுத்தேன்.